இருட்டில் வெளிப் பிளாஷ்: கூத்துக் களரியில் முகம் தெரிய என்ன செய்யலாம்?

பாலைநிழல்:
எல்லோருக்கும் வணக்கம். முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் வைகாசிப் பொங்கலையொட்டி இரவிரவாகக் கூத்து நடக்கும். இந்த வருடம் தொடக்கம் முதல் விடியும்வரை முழுவதையும் படமாக எடுத்துத் தரும்படி, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் என்னிடம் கேட்டிருக்கிறார். ஆடுகிறவர்களில் சிலர் எழுபது வயதைத் தாண்டியவர்கள். போரில் அவர்களுடைய பழைய படங்கள் எல்லாம் போய்விட்டன. ஆகவே இதை அரைகுறையாகச் செய்ய எனக்கு மனமில்லை.

கமரா கேனன் 200டி மார்க் 2. லென்ஸ்கள் 18–55 ஒன்றும் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 ஒன்றும். ஒத்திகையில் கமராவிலேயே உள்ள சிறிய பிளாஷைத் திறந்து எடுத்துப் பார்த்தேன். பி நிலையில் (லென்ஸ் துவாரம், ஷட்டர் இரண்டையும் கமராவே தீர்மானிப்பது) வைத்தால் ஆட்டக்காரரின் முகம் வெளுத்துப்போகிறது. பின்னால் இருக்கும் பந்தலும் சனமும் ஒரேயடியாக இருண்டுவிடுகின்றன. ஏவி நிலையில் (துவாரத்தை நான் வைக்க, ஷட்டரைக் கமரா தீர்மானிப்பது) வைத்தால் பின்னணி நன்றாக வருகிறது, ஆனால் ஆள் இழுபட்டுப் போகிறார். இரண்டு நிலைகளும் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன? வெளிப் பிளாஷ் வாங்கினால் இது தீருமா? விலை குறைவாக இருப்பதால் கோடொக்ஸ் டிடி600 வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

கனகராயன்:
தங்கச்சி, பிளாஷ் வாங்குவதற்கு முன்னர் உங்கள் முதற் கேள்விக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பி நிலையில் பிளாஷ் திறந்திருந்தால் முழுப் படத்துக்கும் பிளாஷ்தான் வெளிச்சம் என்று கேனன் எடுத்துக்கொள்கிறது. ஷட்டர் வேகம் 1/60 விநாடிக்குக் கீழே இறங்காமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நேரத்துக்குள் பந்தலின் மங்கிய வெளிச்சம் கமராவுக்குள் போதிய அளவு வருவதில்லை. ஏவி நிலை இதற்கு நேர் எதிர். அங்கே உள்ள வெளிச்சத்தையே முதன்மையாக வைத்து, பிளாஷை ஒத்தாசைக்கு மட்டும் பயன்படுத்துகிறது. இருட்டில் அதற்கு அரை விநாடியோ ஒரு விநாடியோ தேவைப்படும். ஆடுகிற மனிதர் அரை விநாடி அசையாமல் நிற்பாரா?

ஆகவே இரண்டையும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் நாங்களே வைக்கிற எம் (மனுவல்) நிலைக்குப் போங்கள். மனதில் ஒன்றை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள்: பிளாஷ் போட்டு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இரண்டு வெளிச்சங்கள் இருக்கின்றன. கூத்தாடும் களரியில் ஏற்கெனவே எரிகிற விளக்கு ஒன்று. நீங்கள் போடுகிற பிளாஷ் மற்றது. ஷட்டர் வேகத்தை மாற்றினால் விளக்கின் வெளிச்சம் மட்டும் கூடும், குறையும். பிளாஷ் எரிந்து அணைவது கண் இமைப்பதைவிட எவ்வளவோ குறைந்த நேரத்தில், ஆகவே ஷட்டர் 1/60 ஆனாலும் 1/125 ஆனாலும் அதற்கு ஒன்றுதான். லென்ஸின் துவாரமும் (எஃப் எண்), கமராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்தே மாற்றும்.

இப்படிச் செய்து பாருங்கள். முதலில் பிளாஷை நிறுத்திவிட்டு, பந்தலும் சனமும் கொஞ்சம் இருட்டாக, ஆனால் என்னவென்று தெரியும் அளவுக்கு வரும்வரை ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் அமையுங்கள். சரியான அளவிலிருந்து ஒன்றரை அல்லது இரண்டு ஸ்டொப் குறைவு போதும் (ஒரு ஸ்டொப் குறைந்தால் வெளிச்சம் பாதி, கூடினால் இரட்டிப்பு). அதன் பிறகே பிளாஷைப் போட்டு முகத்தை மட்டும் எடுத்து நிறுத்துங்கள். ஷட்டர் 1/200ஐத் தாண்டக் கூடாது. அது உங்கள் கமராவின் சிங்க் வேகம், அதாவது பிளாஷோடு ஒத்துப்போகும் அதிகூடிய ஷட்டர் வேகம். தாண்டினால் படத்தின் ஒரு பக்கத்தில் கறுப்புப் பட்டை விழும்.

நந்திக்கடல்:
கனகராயன் அண்ணா சொன்னது சரி, ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னர் இதைக் கவனியுங்கள். டிடி600 உங்கள் கமராவின் மேல் பொருத்தினால் எரியாது.

200டி மார்க் 2இன் ஹொட் ஷூவை, அதாவது மேலே பிளாஷ் பொருத்தும் இடத்தைப் பாருங்கள். வழக்கமாக எல்லாக் கமராக்களிலும் நடுவில் இருக்கும் பெரிய தொடுமுனை அதில் இல்லை. அந்த மொடலில் கேனன் அதை எடுத்துவிட்டது. டிடி600, யொங்நுவோ 560 போன்ற வெறும் மனுவல் பிளாஷ்கள் அந்த ஒரு முனையால்தான் கமராவோடு பேசுகின்றன. கேனனின் சொந்த ஸ்பீட்லைட்டுகள், அல்லது கேனனுக்கென்றே செய்யப்பட்ட, சக்தியைக் கமராவே தீர்மானிக்கக்கூடிய டிடிஎல் பிளாஷ்கள்தான் உங்களுக்குச் சரி. கேனனுக்கான வானொலி ட்ரிகர் ஒன்றைக் கமராவில் பொருத்தி, டிடி600ஐத் தூரத்தில் வைத்து எரிக்கவும் முடியும். எதுவானாலும் உங்கள் கமராவைக் கடைக்கே கொண்டுபோய்ப் பொருத்தி, எரிகிறதா என்று கண்ணால் பார்த்த பின்னரே காசைக் கொடுங்கள். சில ட்ரிகர்களுக்கு மென்பொருளைப் புதுப்பித்தால்தான் இந்தக் கமராவோடு வேலை செய்யும்.

இன்னொன்று. பழைய ஸ்டூடியோப் பெட்டிகளில் கிடக்கும் விவிட்டார் 283 போன்ற பிளாஷ்களை யாராவது அன்பாகத் தருவார்கள். அவற்றின் ஆரம்பகாலத் தயாரிப்புகள் சிலவற்றில் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இன்றைய கமராக்களில் பல அதைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. மீட்டரால் அளந்து பார்க்காமல் பொருத்தாதீர்கள்.

வீரைப்பழம்:
நான் மாற்றுக் கருத்துச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கூத்துக்குப் பிளாஷே வேண்டாம் என்பேன்.

50 எஃப் 1.8 கையில் இருக்கிறது. எஃப் 2, ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/125 என்று வைத்து எடுங்கள். படத்தில் மணல்போலப் புள்ளி விழும், விழட்டும். இன்றைக்கு அதைக் குறைக்க நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. களரியில் எரிகிற வெளிச்சம் அந்த இரவுக்கே உரியது. அதன் மேல் ஒரு வெள்ளை மின்னலைப் பாய்ச்சினால், கூத்துப் பார்க்க வந்த மனிதர் கண்ட காட்சி படத்தில் இருக்காது. ஆடுகிறவரின் கண்ணையும் நினைத்துப் பாருங்கள். இரவு முழுவதும் தாளத்துக்கு அடியெடுத்து வைக்கிற எழுபது வயது மனிதரின் கண்ணில் பளீர் பளீர் என்று அடிப்பது எனக்கு மரியாதையாகப் படவில்லை.

கனகராயன்:
கண்ணில் அடிக்கக் கூடாது என்பதில் நான் தம்பி வீரைப்பழத்தோடு முழுதாக உடன்படுகிறேன். ஆனால் பிளாஷே வேண்டாம் என்பதை ஏற்க முடியவில்லை, காரணம் வெளிச்சத்தின் அளவு அல்ல.

எங்கள் களரிகளில் விளக்கு எங்கே கட்டப்படுகிறது? தலைக்கு மேலே, பந்தல் வளையில். ஆடுகிறவர் தலையில் முடி (கிரீடம்) தரித்திருப்பார். மேலிருந்து வருகிற வெளிச்சம் முடியில் பட்டு, நெற்றிக்குக் கீழே நிழல் விழுந்து, கண் இரண்டும் குழியாகிவிடும். ஐஎஸ்ஓவை 6400 ஆக்கினாலும் 25600 ஆக்கினாலும் அந்தக் குழிக்குள் வெளிச்சம் போகாது. முடியும் தோளும் இன்னும் வெளுக்கும், கண் அப்படியே இருண்டிருக்கும். கூத்தில் பாட்டின் பாவம் எல்லாம் கண்ணில்தானே இருக்கிறது. கண் தெரியாத கூத்துப் படத்தை வைத்து அந்தப் பெரியவர்களின் பேரப்பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள்?

வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை நாங்கள் தீர்மானிக்கலாம் என்பதற்காகத்தான் வெளிப் பிளாஷ். கமராவின் தலையிலேயே வைத்து நேரே அடித்தால் அந்த வசதியை நாங்களே கைவிடுகிறோம். லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து போகிற வெளிச்சம் முகத்தைத் தட்டையாக்கும், கண்ணைச் சிவப்பாக்கும், முன்வரிசையில் இருக்கிறவர்களின் பின்தலைகளை வெளுக்க வைக்கும். கமராவிலிருந்து கழற்றுங்கள். களரிக்கு வெளியே ஒரு கம்பத்தில், ஆட்டக்காரரின் தலைக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் கட்டுங்கள். மேலே உள்ள விளக்கு தன் பாட்டில் எரியட்டும். முடிக்குக் கீழே உள்ள நிழலுக்குள் மட்டும் பிளாஷ் கொஞ்சம் நுழையட்டும்.

பாலைநிழல்:
அண்ணா, இந்தக் கண் குழியை ஒத்திகைப் படங்களில் நானும் பார்த்தேன், காரணம் இப்போதுதான் விளங்குகிறது. கம்பத்தில் கட்டலாம், இடமிருக்கிறது. ஆனால் எவ்வளவு தூரத்தில்? எவ்வளவு சக்தியில்? எங்கள் களரி வட்டமானது, சனம் சுற்றிவர இருக்கும். ஆடுகிறவர்களும் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள்.

முத்தையன்கட்டு:
பிள்ளை, பிலிம் காலத்தில் திரையில் பார்த்துத் திருத்த வழியில்லை. கணக்குப் போட்டுத்தான் எடுத்தோம். அந்தக் கணக்கு இன்றும் பிசகவில்லை. பிளாஷ் கையேட்டில் வழிகாட்டி எண் என்று ஒன்று இருக்கும். அதைத் தூரத்தால் வகுத்தால் துவாரம் வரும். அவ்வளவுதான். தூரம் என்பது பிளாஷிலிருந்து ஆள்வரைக்கும். கமரா எங்கே நிற்கிறது என்பது கணக்கில் இல்லை.

பெட்டியில் 60 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பிளாஷின் தலையை 200 மில்லிமீட்டருக்குக் குவித்து வைத்தால் வருகிற எண். 35 மில்லிமீட்டர் விரிவில் அது 36 அளவுக்கு இறங்கிவிடும் என்று வைத்துக்கொள்வோம். பிளாஷ் ஆளிலிருந்து நாலரை மீட்டர். 36ஐ நாலரையால் வகுத்தால் 8. அதாவது ஐஎஸ்ஓ 100இல், முழுச் சக்தியில், எஃப் 8.

இனி உங்கள் நிலைமையைப் பார்ப்போம். ஐஎஸ்ஓ 1600 என்றால் வழிகாட்டி எண் நான்கு மடங்காகி 144 ஆகும். எஃப் 4இல் நாலரை மீட்டருக்குத் தேவையானது 18 மட்டுமே. 144 எங்கே, 18 எங்கே? எட்டில் ஒரு பங்கு. வெளிச்சம் அந்த எண்ணின் வர்க்கமாக மாறும், ஆகவே எட்டை எட்டால் பெருக்குங்கள், 64. பிளாஷை 1/64 சக்தியில் வைத்தால் போதும். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் பின்னணி மட்டுந்தான் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பிளாஷின் சுமையும் குறைகிறது. 1/64இல் பற்றரி நெடுநேரம் தாங்கும், பிளாஷ் சூடாகாது, அடுத்த படத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆட்டக்காரரின் கண்ணுக்கும் அது சிறு மினுக்கம்தான். வீரைப்பழம் தம்பியின் கவலைக்கும் பாதி மருந்து இதிலேயே இருக்கிறது.

வட்டக் களரிக்கு இன்னொன்று சொல்கிறேன். பிளாஷைக் கிட்ட வைக்காதீர்கள். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். பிளாஷ் இரண்டு மீட்டரில் இருக்கும்போது ஆடுகிறவர் ஒரு மீட்டர் முன்னால் வந்தால் முகத்தில் நான்கு மடங்கு வெளிச்சம் விழுந்து படம் கெட்டுவிடும். நாலரை மீட்டரில் இருந்தால், அவர் 3.2 மீட்டருக்கு வந்தாலும் இரட்டிப்புத்தான், 6.4 மீட்டருக்குப் போனாலும் பாதிதான். ஒரு ஸ்டொப் கூடுதல், ஒரு ஸ்டொப் குறைவு. பிறகு திருத்த இடம்தரும் ரோ (RAW) கோப்பாக எடுத்தால் வீட்டில் இருந்து திருத்திக்கொள்ளலாம். இடமிருந்தால் இன்னும் தள்ளி வையுங்கள். சக்தி உங்களிடம் மிச்சமாக இருக்கிறது.

நந்திக்கடல்:
ஐயாவின் கணக்கோடு மின்சாரம் பற்றியும் கொஞ்சம்.

எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்ஈடி விளக்குகளும் ரியூப் லைற்றுகளும் விநாடிக்கு நூறு தடவை கூடிக் குறைகின்றன. ஷட்டரை 1/160, 1/200 என்று வைத்தால் படத்தின் குறுக்கே மங்கலான பட்டைகள் விழலாம், படத்துக்குப் படம் நிறமும் மாறலாம். 1/100 அல்லது 1/50 வையுங்கள். ஜெனரேற்றரில் ஓடினால் இந்த எண் கொஞ்சம் அசையும், அப்போது ஒன்றிரண்டு படம் எடுத்துப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

பற்றரி விடயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ரோர்ச்சுக்குப் போடுகிற சாதாரண பற்றரி பிளாஷுக்கு ஆகாது. திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரிகள் நாலு நாலாக இரண்டு தொகுதி வாங்குங்கள். அவற்றில் 1.2 வோல்ட்தான் எழுதியிருக்கும், அதைப் பார்த்துத் தயங்காதீர்கள். மின்னோட்டத்தை வேகமாகக் கொடுப்பதால் பிளாஷ் அவற்றில்தான் விரைவாக நிரம்பும்.

ஓமந்தைச்சந்தி:
நான் கலியாணவீடுகளும் சாமத்தியவீடுகளும் எடுக்கிறவள். இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும்: நிறம்.

பிளாஷை டிடிஎல்லில் விட்டால், முன்னால் ஒரு சிறு மின்னலை அனுப்பி, திரும்பி வருவதை அளந்து, கமராவே சக்தியைத் தீர்மானிக்கும். அது எதிரே உள்ளதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். இருண்ட பின்னணி பெரிதாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று முடிவுசெய்து கூட்டிவிடும். எங்கள் கறுத்த, மாநிற முகங்கள் வெளுப்பது இதனால்தான். கூத்து உடுப்பில் பிரச்சினை மறுபக்கம். சரிகையும் கண்ணாடித் துண்டும் அந்தச் சிறு மின்னலைத் திருப்பி அடிக்கும், கமரா ஏமாந்து சக்தியைக் குறைக்கும், முகம் இருண்டுவிடும். ஒரே ஆள் ஒரு பக்கம் திரும்பினால் வெளுப்பு, மறுபக்கம் திரும்பினால் இருட்டு. ஆகவே களரியில் மனுவலில்தான் எடுங்கள். ஊர்வலம், காவடி, பாற்செம்பு என்று தூரம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் மட்டும் டிடிஎல்லுக்குப் போங்கள். அங்கேயும் பிளாஷ் அளவை ஒரு ஸ்டொப்புக்குச் சற்றுக் குறைவாகக் கீழே இறக்கி வையுங்கள்.

வெளுத்தால்தான் அழகு என்று வேண்டுமென்றே பிளாஷைக் கூட்டுகிற வழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. எனக்கு அது கோபமூட்டுகிறது. வயலில் வெயில் குடித்த ஒரு தகப்பனின் முகத்தை அவருடைய மகளின் ஆல்பத்தில் வேறொருவராக மாற்ற எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? அவருடைய நிறத்துக்கு வெளிச்சம் வையுங்கள். பக்கவாட்டிலிருந்து மென்மையாக வருகிற ஒளியில் கறுத்த தோலின் மினுக்கம் எவ்வளவு அழகாக வரும் என்று ஒருமுறை பார்த்தால் பிறகு நேரே அடிக்க உங்களுக்கு மனம் வராது.

வீட்டுக்குள் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளைச் சீலிங்கில் பட்டுத் திரும்ப விடுங்கள் என்று எல்லாக் காணொளிகளிலும் சொல்கிறார்கள். நாங்கள் போகிற பல வீடுகளில் சீலிங்கே இல்லை. தலைக்கு மேலே தகரமோ, ஓடோ, அஸ்பெஸ்டஸோதான். சுவரில் பட விடலாம், ஆனால் பச்சைச் சுவர் முகத்தையும் பச்சையாக்கும். மணவறைச் சோடனையில் மிஞ்சிய ரிஜிபோம் (வெள்ளை நுரை) பலகை ஒன்றையோ, இரண்டு தடிக்கு நடுவே இழுத்துக் கட்டிய வெள்ளை வேட்டியையோ ஆளுக்குப் பக்கத்தில் நிறுத்தி அதில் பட விடுங்கள். இரண்டு மூன்று ஸ்டொப் வெளிச்சம் குறையும், ஐயா சொன்ன 1/64 அப்போது 1/16 அல்லது 1/8 ஆகும். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

வீரைப்பழம்:
முடியின் நிழலைப் பற்றிக் கனகராயன் அண்ணா சொன்னது நியாயம். திசை பற்றிய வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பிளாஷ் அறவே கூடாத இடங்களையும் எழுதி வைக்க வேண்டும்.

நெருப்பு. தீமிதிப்பிலும், கர்ப்பூரம் எரியும்போதும், பொங்கல் பானைக்குக் கீழே தழல் நிற்கும்போதும் பிளாஷை நிறுத்துங்கள். அந்தச் செம்மை முகத்தில் படுவதுதான் படம். பிளாஷ் அதை அழித்துவிடும். தீமிதிக்கிறவர் அடியை எங்கே வைக்கிறோம் என்று பார்க்க வேண்டியவர், அவருடைய கண்ணைக் கூசச் செய்வது ஆபத்தும்கூட.

புகை. நூற்றுக்கணக்கான அடுப்புகள் எரிகிற வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் நின்றவர்களுக்குத் தெரியும். கமராவின் மேலிருந்து அடித்தால் இடையில் உள்ள புகையெல்லாம் வெள்ளைத் திரையாகிவிடும். பூச்சியும் செம்மண் தூசியும் வட்ட வட்டமாக விழும். பக்கவாட்டிலிருந்து, கொஞ்சம் பின்னாலிருந்து அடித்தால் அதே புகை சுருள் சுருளாக அழகாக வரும்.

கோயிலின் உள்ளே நிர்வாகத்திடமும் ஐயரிடமும் கேட்காமல் கமராவையே எடுக்கக் கூடாது. களரியிலும் அண்ணாவியாரிடம் கம்பம் கட்டும் இடத்தை முன்கூட்டியே காட்டி, ஒரு தடவை எரித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். மத்தளம் அடிக்கிறவரின் கண்ணுக்கு நேரே அது இருக்கக் கூடாது. அவர் தாளத்தைத் தவறவிட்டால் களரியே நின்றுவிடும்.

பாலைநிழல்:
எல்லோருக்கும் மிகவும் நன்றி. கேனனுக்கான ட்ரிகரையும் ஒரு பிளாஷையும் கடையிலேயே பொருத்திப் பார்த்து வாங்கினேன். நேற்று இரவு ஒத்திகையில் கம்பத்தைக் களரிக்கு வெளியே, வேப்பமரப் பக்கமாக ஊன்றிப் பார்த்தோம். ஐஎஸ்ஓ 1600, எஃப் 4, ஷட்டர் 1/100, பிளாஷ் 1/64. முத்தையன்கட்டு ஐயா, உங்கள் கணக்கு அப்படியே சரியாக வந்தது! முடிக்குக் கீழே கண் தெரிகிறது. பின்னால் பாய் விரித்து இருக்கிற சனமும் மங்கலாகத் தெரிகிறார்கள். சுழன்று ஆடும்போது உடுப்பின் ஓரம் மட்டும் லேசாக இழுபட்டு, முகம் கூர்மையாக நிற்கிறது. அண்ணாவியாரிடம் காட்டினேன், அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கு இடைஞ்சல் இல்லை என்று ஆடியவர்களும் சொன்னார்கள்.

ஒரு குறை மிச்சம். பந்தலில் இந்தமுறை மஞ்சள் நிறக் குமிழ்கள் கட்டியிருக்கிறார்கள். பின்னணி முழுவதும் செம்மஞ்சளாகவும், பிளாஷ் பட்ட முகம் நீலம் பாய்ந்ததாகவும் இருக்கிறது. கமராவில் நிறத்தைத் திருத்தும் வெள்ளைச் சமநிலையை மாற்றினால் ஒன்று சரியாகி மற்றது கெடுகிறது.

கனகராயன்:
மெச்சத் தகுந்த வேலை, தங்கச்சி. அந்த நிறப் பிரச்சினையைக் கமராவில் தீர்க்க முடியாது, பிளாஷில்தான் தீர்க்க வேண்டும். பிளாஷின் ஒளி 5500 கெல்வின் அளவு, நடுப்பகல் வெயிலின் நிறம். மஞ்சள் குமிழ்கள் 2700, 3000 அளவில் இருக்கும். பிளாஷின் முகப்பில் சிடிஓ என்ற செம்மஞ்சள் ஜெல் தாளை ஒட்டுங்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறமாகிவிடும். பிறகு வெள்ளைச் சமநிலையை 3200இல் வையுங்கள். பின்னணியில் அந்த இரவின் மஞ்சள் கொஞ்சம் இருக்க வேண்டுமென்றால் பாதி அடர்த்தி ஜெல்லைப் போட்டு 3800, 4000 என்று வையுங்கள். கூத்துக்கு நான் பாதி அடர்த்தியைத்தான் விரும்புவேன். முழு ஜெல் போட்டால் ஏறத்தாழ ஒரு ஸ்டொப் வெளிச்சம் குறையும், ஆகவே 1/64ஐ 1/32 ஆக்கிக்கொள்ளுங்கள்.

புத்தகக் கடைகளில் விற்கும் நிறக் கண்ணாடித் தாள் அவசரத்துக்கு உதவும், ஆனால் அது சூட்டில் சுருங்கும், நிறமும் சரியாகப் பொருந்தாது. முறையான ஜெல் வவுனியாவில் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள். என்னிடம் பாதி அடர்த்தியும் முழு அடர்த்தியும் வெட்டியபடி இருக்கின்றன, முல்லைத்தீவு பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன்.

பாலைநிழல்:
பாதி அடர்த்தியை அனுப்புங்கள் அண்ணா. பஸ் ஒட்டுசுட்டான் வழியாக வருமென்றால் சந்தியில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.